எங்க பையன் அப்படி இல்ல சார்

பள்ளியிலிருந்து வகுப்பாசிரியர் கூப்பிடுகிறார். “கொஞ்சம் வந்துட்டுப் போங்க, நேர்ல பேசணும்.” போகிறோம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகனின் பையிலிருந்து எடுத்த சின்ன டப்பா ஒன்றை மேசைமேல் வைக்கிறார். கூல் லிப். அதைப் பார்த்ததும் நம் வாயில் என்ன வருகிறது? “எங்க பையன் அப்படி இல்ல சார். வேற யாரோ உள்ள போட்டிருப்பாங்க.” அதோடு நின்றாலாவது பரவாயில்லை. “எல்லார் முன்னாடியும் என் பிள்ளை பையைச் சோதனை போட உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?” என்று குரல் ஏறுகிறது. மறுநாள் மாமா, சித்தப்பா, வார்டில் செல்வாக்குள்ள ஒருவர் என்று நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் படையெடுக்கிறோம். முதன்மைக் கல்வி அலுவலருக்கு மனு கொடுப்போம் என்கிறோம்.

அந்த ஆசிரியர் அடுத்த முறை இன்னொரு டப்பாவைப் பார்த்தால் என்ன செய்வார்? குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் பாடம் நடத்தப் போய்விடுவார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். மாதச் சம்பளக்காரர், அவருக்கும் குடும்பம் இருக்கிறது. நம் பிள்ளை கெடுவதை நமக்கு முன்பே பார்க்கக்கூடிய ஒரே ஆளை மிரட்டி வாயடைத்து வைத்திருப்பது நாம்தான். இதைத்தான் இங்கே சண்டைபோட்டுச் சொல்ல வந்தேன்.

கூல் லிப் என்றால் என்னவென்றே தெரியாத அப்பா அம்மாக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சின்னப் பைக்குள் அடைத்த புகையிலைத் தூள். குளிர்ச்சியான மணம். கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே செருகிக்கொண்டால் போதும். புகை இல்லை, பீடி நாற்றம் இல்லை, ஹான்ஸ் புகையிலை மாதிரி உள்ளங்கையில் வைத்துத் தேய்க்கவும் வேண்டாம். கணக்குப் பாடம் நடக்கும்போதே இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்தபடி போதை ஏற்றிக்கொள்ளலாம். சட்டையை முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்கும் நம் பழைய சாமர்த்தியம் இதனிடம் செல்லாது. 2024-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பள்ளிப் பிள்ளைகளிடம் இது பரவுவதைக் கண்டு கவலைப்பட்டு, நாடு முழுக்க ஏன் தடை செய்யக்கூடாது என்று கேட்கும் அளவுக்கு விஷயம் முற்றியிருந்தது. தமிழ்நாட்டில் 2013 முதலே குட்காவுக்குத் தடை இருக்கிறது. கேட்கத் தெரிந்தவனுக்கு எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

“அதெல்லாம் கவர்மென்ட் ஸ்கூல் பசங்க” என்று ஆறுதல் தேடுகிறவர்கள் ஒரு கணக்கைக் கேளுங்கள். 2019-ல் இந்தியா முழுவதும் 13 முதல் 15 வயது மாணவர்களிடம் எடுத்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில், ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துவோர் 8.5 சதவீதம். நாற்பது பேர் உள்ள வகுப்பில் மூன்று பேர். பையன்கள் 9.6, பெண்கள் 7.4. “பொம்பளைப் பிள்ளைக்கு அந்தப் பயம் இல்ல” என்று நிம்மதியாக இருக்கிறவர்கள் அந்த இரண்டாவது எண்ணைத் திரும்பப் பாருங்கள். மெல்லும் புகையிலையைத் தொட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பத்தாவது பிறந்தநாளுக்கு முன்பே தொட்டிருக்கிறார்கள். அந்த வயதில் நாம் அவர்களுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்போம்.

பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், ஒயிட்னர் கதை தனி. எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நாடு முழுக்க எடுத்து 2019-ல் வெளிவந்த கணக்கில், பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகமாக இருந்த ஒரே போதை இப்படி மூச்சில் இழுப்பதுதான். கைக்குட்டையில் பெட்ரோல் வாடையோ பசை வாடையோ அடித்தால் சோப்பு போட்டு அலசிவிட்டு மறந்துவிடாதீர்கள்.

சரி, இவர்களுக்கு வழி காட்டியது யார்? சினிமா, செல்போன், கெட்ட சகவாசம் என்று வரிசையாக விரல் நீட்டுவோம். நம் வாசற்படியிலிருந்து தொடங்குவோமே. “டேய், ரெண்டு சிகரெட் வாங்கிட்டு வா, மிச்சத்துக்கு மிட்டாய் வாங்கிக்கோ.” ஆறாம் வகுப்பிலிருந்து அந்தக் கடைக்கு அவன் போய்வருகிறான். 18 வயதுக்குக் கீழே உள்ளவரிடம் சிகரெட் விற்கக்கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கடைக்காரர் அதை நினைத்துப் பார்ப்பதில்லை, “இன்னார் மகன், அப்பாவுக்கு வாங்குறான்” என்று கொடுத்துவிடுகிறார். ஒன்பதாம் வகுப்பில் அவன் தனக்கென்று ஒன்று வாங்கும்போதும் அவர் அப்படியே நினைத்துத்தான் கொடுக்கிறார். உங்கள் பெயரில் உங்கள் பிள்ளைக்கு அந்தக் கடையில் உரிமம் எடுத்துக் கொடுத்தது நீங்கள்.

அடுத்தது கல்யாண வீட்டு மொட்டை மாடி. பத்தாம் வகுப்புப் பையன் கையில் பெரியப்பா ஒரு பீர் டம்ளரைத் திணிக்கிறார். “ஆம்பளப் புள்ளதானே, ஒரு வாய் குடிச்சா ஒண்ணும் ஆகாது.” சுற்றி நிற்கிறவர்கள் சிரிக்கிறார்கள், ஒருவர் வீடியோ எடுக்கிறார். டாஸ்மாக் கடையில் வாங்கவே 21 வயது ஆகவேண்டும். சிறார் நீதிச் சட்டம் 2015, 77-ஆம் பிரிவின்படி, 18 வயது நிரம்பாத பிள்ளைக்கு மதுவோ புகையிலையோ கொடுத்தால் ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பெரியப்பாவுக்கென்று அதில் தனி விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. ஒரு வாயில் ஒன்றும் ஆகாது என்பதும் பொய். 1997-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 14 வயதிலோ அதற்கு முன்போ குடிக்கத் தொடங்கியவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் பிற்பாடு குடிக்கு அடிமையானார்கள். 20 வயதுக்கு அப்புறம் தொடங்கியவர்களில் அது 10 சதவீதம்தான். மூளையில் நிதானிக்கிற, ‘வேண்டாம்’ என்று தடுக்கிற பகுதி முழுதாக வளர்ந்து முடிய இருபத்தைந்து வயதை ஒட்டி ஆகிவிடுகிறது. வளராத மூளையில் போதை பதிவது சீக்கிரம், அழிவது கஷ்டம்.

உண்மை கையும் களவுமாகப் பிடிபட்ட பிறகு நாம் ஆடும் ஆட்டம் இன்னொரு வேடிக்கை. அதுவரை “அப்படி இல்ல” என்று சாதித்தவர்கள் பெல்ட்டைக் கழற்றுகிறோம். அம்மா தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்குகிறோம். மந்திரித்துக் கயிறு கட்டுகிறோம். பள்ளியை மாற்றி அத்தை ஊருக்கு அனுப்பிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறோம், அத்தை ஊரில் பெட்டிக்கடையே கிடையாது என்பதுபோல. நிகோடினை நிறுத்திய பிள்ளைக்கு முதல் சில நாள் எரிச்சல் வரும், தூக்கம் கெடும், யாரைப் பார்த்தாலும் சீறுவான். “கொழுப்பைப் பாரு” என்று அந்த நேரத்தில் நாம் கைநீட்டினால் அவன் நேராகக் கடைக்குத்தான் போவான்.

பிள்ளையின் வாயைப் பாருங்கள். கீழுதட்டின் உட்பக்கம் வெளுத்துச் சுருங்கியிருக்கிறதா, ஈறு இறங்கியிருக்கிறதா? குட்கா, பான்மசாலாவில் பாக்கும் கலந்திருப்பதால் நாளடைவில் வாய் திறப்பதே குறுகிப்போகும். மூன்று விரலைச் செங்குத்தாக வாய்க்குள் நுழைக்க முடியாவிட்டால் பல் மருத்துவரிடம் உடனே போகவேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு கேட்கமாட்டார்கள். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் மனநல உதவி எண்ணான 14416-க்குக் கூப்பிடுங்கள், இரவு பகல் எந்நேரமும் பேசலாம். போதை மீட்புக்கென்றே உள்ள எண் 14446. கஞ்சா, போதை மாத்திரை என்றால் “போலீஸ் கேஸாகிடுமோ” என்று பயந்தே பலர் மூடி மறைக்கிறார்கள். பழக்கத்துக்கு அடிமையானவர் சிறிதளவு வைத்திருந்ததற்கோ பயன்படுத்தியதற்கோ வழக்கில் சிக்கினாலும், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் அந்த வழக்கிலிருந்து காப்பு உண்டு. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவைத்தான் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பையன் தெருமுனையில் பொட்டலம் வாங்குவதைப் பார்த்தும் நமக்கெதற்கு வம்பு என்று வந்துவிடுகிறோமே, அதையும் சொல்லியாகவேண்டும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தினம் காலை வணக்கம் போடுகிறோம், வீட்டுப்பாடம் கேட்கிறோம். இந்தப் பேச்சை மட்டும் யாரும் எடுப்பதில்லை. என் பிள்ளையைப் பற்றி எனக்குச் சொல்லுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன் என்று முதல் ஆளாக ஒருவர் அங்கே எழுதினால் போதும்.

2022 ஆகஸ்ட் 11 அன்று தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பிள்ளைகள் கையை நீட்டிப் போதைப்பொருளுக்கு எதிராக உறுதிமொழி எடுத்தார்கள். நம்மை யாரும் எடுக்கச் சொல்லவில்லை. அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கிறது, தனியார் பள்ளி என்றால் பெற்றோர் கூட்டம். வருகிறவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். அவர்களும் மதிப்பெண்ணைக் கேட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு அப்பாக்களும் வாருங்கள். பள்ளியைச் சுற்றி நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்கும் கடை எது என்று ஆசிரியரைக் கேட்காதீர்கள். அது உங்களுக்கே தெரியும், தினமும் அங்கேதானே டீ குடிக்கிறீர்கள். அந்தக் கடையின் பெயரை மனுவில் எழுதி முதல் கையெழுத்தை நீங்கள் போடுங்கள். அதற்கும் துணிவில்லை என்றால் போதைப்பொருள் புகார் எண்ணான 10581-க்கு ஒரு போனாவது போடுங்கள்.