பிடிப்பும் இழுப்பும்: பழைய சிறு டிராக்டரைப் பற்றி ஒரு சொல்

தமிழ்த் தொழில்நுட்ப எழுத்தில் 'இழுவை' என்னும் சொல் இரட்டை வேலை செய்கிறது. சக்கரம் தரையைப் பற்றி வண்டியை உந்துவதாகிய டிராக்ஷனுக்கும் அதுவே, பின்னால் சுமையைக் கட்டி இழுப்பதாகிய டோயிங்கிற்கும் அதுவே. ரயில்வேயின் 'மின் இழுவை' முதல் வகை. பழுதான காரை அப்புறப்படுத்தும் 'இழுவை வண்டி' இரண்டாம் வகை. பட்டறையில் நிற்பவர் இவ்விரண்டையும் குழப்புவதில்லை. 'பிடிப்பு இல்லை' என்றால் டயரைப் பார்ப்பார். 'இழுக்கவில்லை' என்றால் என்ஜினைப் பார்ப்பார். கன்னடத்திலும் ஹிடித, எளெத என்று இரு சொற்கள் தனித்தனியே உண்டு. முன்னது தமிழ்ப் 'பிடி'யின் உடன்பிறப்பு (சொல்முதல் பகரம் கன்னடத்தில் ஹகரமாயிற்று). பின்னது 'இழு'வின் உறவு. பேச்சுமொழி காத்துவரும் இந்த வேறுபாட்டை ஏட்டுமொழி தொலைத்துவிட்டது. இது வெறும் சொல்லாய்வுச் சிக்கலாக நின்றிருந்தால் கவலை இல்லை.

பெங்களூருவின் விளிம்பில், தேவனஹள்ளி, ஹொசகோட்டை, ஆனேக்கல் பக்கம், பழைய சிறு டிராக்டர் ஒன்றை வாங்கித் தோட்டத்திற்குப் பழக்க நினைப்பவருக்கு இந்நகரம் பொருத்தமானது. 1967இல் மிட்சுபிஷியின் கூட்டுறவோடு இங்கே தொடங்கப்பட்ட வி.எஸ்.டி. நிறுவனம் பவர் டில்லர்களையும் 18.5 குதிரைத்திறன் கொண்ட சிறு டிராக்டர்களையும் நாடெங்கும் பரப்பியது. அத்தகைய வண்டியைக் கையில் பிடித்தவர் கேட்கும் முதல் கேள்வி, 'இது எவ்வளவு இழுக்கும்?' என்பதே. அதற்கு முன்னால் 'இது எவ்வளவு பிடிக்கும்?' என்று கேட்டாக வேண்டும். என்ஜின் எத்தனை குதிரைத்திறன் தந்தாலும், உந்துசக்கரத்தின் மேல் அமர்ந்திருக்கும் எடையில் ஒரு பங்குக்கு மேல் அந்த வண்டியால் இழுக்க இயலாது.

ஒரு தோராயக் கணக்கு. 700 கிலோ எடையுள்ள டிராக்டரில் 450 கிலோ பின்சக்கரங்களின் மேல் இருப்பதாகக் கொள்வோம். உறுதியான மண்ணில் அதில் ஏறக்குறையப் பாதி, அதாவது 225 கிலோ அளவுக்கே உந்துவிசை கிடைக்கும். பத்துக்கு ஒன்று என்ற சரிவில் 1,500 கிலோ டிரெய்லரை ஏற்ற, சரிவுக்காக 150, மண்ணின் உருள் தடைக்காக 60, டிராக்டர் தன்னையே மேலேற்ற 70, ஆக 280 வேண்டும். சக்கரம் சுழலும், வண்டி நகராது. பின்சக்கரங்களில் 100 கிலோ ஏற்றினாலும் கிடைப்பது 275தான். கூட்டிய எடைக்கும் சேர்த்து வேண்டியதோ 290. டிரெய்லரை 1,200 கிலோவாகக் குறைத்தால் 248 போதும். எடையைக் கூட்டுவதும் சுமையைக் குறைப்பதும் ஒரே வேலையின் இரு கைகள். குதிரைத்திறன் இக்கணக்கில் எங்கும் வரவேயில்லை என்பதைக் கவனிக்கலாம்.

எடையை எங்கே வைப்பது? சக்கரத்திலேயே, இயன்ற அளவு தாழ்வாக. சக்கரத்தில் பூட்டும் வார்ப்பிரும்பு வெயிட்டுகள் சிறந்தவை. மலிவான வழி, டியூபில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்புவது. பனி உறையும் நாடுகளில் அதில் கால்சியம் குளோரைடு கலப்பார்கள். கசிந்தால் அது ரிம்மை அரித்துவிடும். பெங்களூருவுக்கு அந்தத் தொல்லை தேவையே இல்லை, வெறும் தண்ணீர் போதும். டயரின் பக்கச்சுவரிலுள்ள அம்புக்குறி முன்னோக்கிச் சுழலும் திசையைக் காட்டுமாறு பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பது காசு செலவில்லாத வேலை; பழைய வண்டிகளில் அதுவே தலைகீழாக இருப்பதுண்டு. காற்றைச் சற்றுக் குறைத்தால் டயர் மண்ணில் அகன்று பதியும். அளவுக்கு மீறிக் குறைத்தால் ரிம் டயருக்குள் நழுவி வால்வைப் பிய்க்கும். உழவில் 10 முதல் 15 சதவீதச் சறுக்கல் இயல்பானது, அதற்கு மேல் போனால் டீசலும் டயரும் வீண். இங்குள்ள செம்மண், காய்ந்தால் கல், நனைந்தால் களிம்பு. முதல் மழைக்குப் பின் ஏப்ரலில் போட்ட கணக்கு செல்லாது. நெல்வயலின் கூண்டுச் சக்கரத்தை மாட்டிவிடலாம் என்று ஆசைப்படுபவர் உண்டு; அது தார்ச் சாலையைப் பிய்த்துவிடும்.

இனி உயிர் சம்பந்தப்பட்ட இடம். சுமையைப் பின் அச்சின் மட்டத்திற்கு மேலே, டாப் லிங்க் முளையிலோ இருக்கைக்கு அடியிலோ கட்டினால், இழுக்க இழுக்க முன்சக்கரம் தூக்கும். வண்டி பின்னோக்கிக் கவிழும். முக்கால் நொடிக்குள் மீட்க முடியாத நிலைக்குப் போய்விடும். ஓட்டுநரின் கால் கிளட்சைத் தேடும் நேரம் அது. ஃபோர்ட்சன் டிராக்டர் இவ்வாறு கவிழ்வதில் பெயர்போனது. ஹாரி ஃபெர்குசன் 1926இல் காப்புரிமை பெற்ற இணைப்புமுறை அதற்கும் மறுமொழியாயிற்று: கலப்பையின் தடையையே பின்சக்கரத்தின் மேல் எடையாக மாற்றி, இலகுவான வண்டியைக் கனமானதைப் போல் இழுக்கச் செய்தது. 1946 முதல் 1956 வரை வந்த அவருடைய சிறு சாம்பல் நிற டிராக்டர் அந்தச் சிந்தனையின் உருவம். 1960இல் சென்னையில் பிறந்த டாஃபேயின் மாஸி ஃபெர்குசனும் அதே மரபில் வந்தது. ஆனால் சக்கரத்தின் மேல் நிற்கும் டிரெய்லருக்கு அந்த உதவி அப்படியே கிடைக்காது. அதற்கு உகந்த இடம், அச்சுக்குக் கீழே அமைந்த டிராபார் ஒன்றே. ஓட்டுநரைக் காக்கும் கவிழ்வுச் சட்டத்தை ஸ்வீடன் 1959இலேயே புதிய டிராக்டர்களுக்குக் கட்டாயமாக்கியது. இங்கே பழைய வண்டிகள் பெரும்பாலும் அது இல்லாமலே ஓடுகின்றன.

'பழையதை எதற்குச் செப்பனிட வேண்டும், புதியது வாங்கிவிடலாமே' என்பது நகரத்து அறிவுரை. இரண்டு ஏக்கர்த் தோட்டத்திற்குக் கடன் வாங்கும் விவசாயியிடம் அதைச் சொல்வது எளிது. எடை, டயர், இழுப்பு மட்டம் ஆகிய மூன்றையும் சரிசெய்த பழைய சிறு வண்டி அத்தோட்டத்திற்குப் போதுமானது. வேளாண் பல்கலைக்கழகங்கள் தாய்மொழியில் கையேடு எழுதும்போது பட்டறைச் சொற்களான 'பிடிப்பு', 'இழுப்பு' ஆகியவற்றைத் தனித்தனியே ஆளுவது நல்லது. மூன்றாவதாக ஒரு சொல்லும் அதில் இடம்பெற வேண்டும்: நிறுத்தம். பிரேக் இல்லாத 1,200 கிலோ டிரெய்லர் இறக்கத்தில் தள்ளும்போது, 700 கிலோவுக்காகச் செய்த பிரேக் 2,000 கிலோவைத் தாங்கவேண்டியிருக்கிறது. மேட்டின் உச்சியிலேயே தாழ்ந்த கியருக்கு மாற்றிவிட வேண்டும். பாதி இறங்கிய பின் கிளட்சை மிதித்தால் கியர் மீண்டும் விழாது.