பிச்சையன்று, உரிமை



தருமபுரி மாவட்டத்தின் எந்தப் பள்ளிவாசலிலும் ஜும்ஆ முடிந்து வெளியே வரும் இளைஞர்களிடம் பேசிப் பாருங்கள். பெங்களூரிலோ ஓசூரிலோ திருப்பூரிலோ வேலை பறிபோய் ஊர் திரும்பியவர் ஒருவரேனும் இருப்பார். “உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாயா, தம்பி?” என்று கேட்டால், “அரசாங்கத்திடம் கையேந்துவதா, பாய்?” என்பார். இதைத் தன்மானம் என்று நம் பெரியவர்கள் மெச்சுகிறார்கள். இது தன்மானமன்று, அறியாமை என்றே சொல்கிறேன்.

மாதம் 16,000 ரூபாய் ஊதியம் பெற்ற தொழிலாளியிடம் இ.எஸ்.ஐ.க்காக 0.75 விழுக்காடு, அதாவது 120 ரூபாய் பிடிக்கப்படுகிறது. முதலாளி 3.25 விழுக்காடு, அதாவது 520 ரூபாய் செலுத்த வேண்டும். அந்த நிதியிலிருந்துதான் 2018 முதல் அடல் காப்பீட்டாளர் நலத்திட்டம் வேலையிழந்தோருக்கு உதவுகிறது. தொடக்கத்தில் சராசரி ஊதியத்தில் 25 விழுக்காடாக இருந்த உதவி, 2020 மார்ச் முதல் 50 விழுக்காடாக உயர்ந்தது. அதிகபட்சம் 90 நாள்களுக்கு, வாழ்நாளில் ஒரு முறை கிடைக்கும். மேற்சொன்ன தொழிலாளிக்கு ஏறத்தாழ 24,000 ரூபாய். தன் சந்தாவால் உருவான நிதியில் தன் பங்கைக் கேட்பவன் எப்படி இரவலன் ஆவான்?

நிபந்தனைகள் உண்டு. குறைந்தது இரண்டாண்டு காப்பீட்டுப் பணியில் இருந்து, குறித்த நாள்களுக்குச் சந்தா செலுத்தியிருக்க வேண்டும். வேலையிழந்து 30 நாள் கடந்தபின் தொழிலாளியே நேரடியாக விண்ணப்பிக்கலாம். திட்டம் அவ்வப்போது நீட்டிக்கப்படுவதால், இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது. ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கும் விருப்ப ஓய்வு பெற்றவருக்கும் இது கிடையாது. ஆகவே ஆட்குறைப்பு நாளில் நீட்டப்படும் “நானே விலகுகிறேன்” என்ற தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள். அந்தக் கையெழுத்தே பின்னர் உங்களுக்கு எதிராக நிற்கக்கூடும்.

மாநில அரசின் உதவித்தொகை வேறு. அது வேலையிழந்தவருக்கன்று; வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு காத்திருந்தும் வேலை கிட்டாதவருக்கு. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு மாதம் 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய் என மூன்றாண்டுகள் வழங்கப்படும். பத்தாம் வகுப்புக்காரருக்கு நாளொன்றுக்குப் பத்து ரூபாய்! ஒரு தேநீருக்கே போதாத இத்தொகையை உதவி என்று அழைக்க அரசுக்கு நாணம் வேண்டாமா? தொகை அற்பமானது என்பதற்காகப் பதிவைக் கைவிடவும் கூடாது. மூன்றாண்டுக்கொருமுறை புதுப்பிக்க மறந்தால் மூப்பு அழிந்துவிடும்.

யாசிக்க வந்த அன்சாரித் தோழரின் விரிப்பையும் கிண்ணத்தையும் ஏலமிட்டு, கோடரி வாங்கச் செய்து விறகு வெட்ட அனுப்பினார்கள் நபிகள் நாயகம் (ஸல்). அந்நிகழ்ச்சியைக் காட்டி உதவியையே மறுப்போர், அவரைப் பெருமானார் வெறுங்கையோடு அனுப்பவில்லை என்பதை ஏன் மறைக்கிறீர்கள்? யாசித்து நின்ற முதிய யூதருக்குப் பைத்துல் மாலிலிருந்து உதவ ஆணையிட்ட கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வரலாறும் நம்முடையதுதானே?

மறுபுறமும் சொல்ல வேண்டும். எங்கோ சம்பளம் வாங்கிக்கொண்டே, வேலையில்லை என்று உறுதிமொழி எழுதிக் கொடுப்பது அமானிதத்தில் செய்யும் மோசடி. அந்தப் பணத்தில் பரக்கத் இராது. அதைவிடக் கொடியவர் நம்முள்ளே உண்டு: தொழிலாளியின் ஊதியத்தில் சந்தாவைப் பிடித்துவிட்டு நிதியில் கட்டாத முதலாளிகள். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு, முதல் வரிசையில் நின்று தொழுது என்ன பயன்?

ஜமாஅத் நிர்வாகிகளே! திருமணப் பதிவேட்டுக்கு ஆள் வைக்கிறீர்கள். மாதம் ஒரு ஜும்ஆவுக்குப்பின், படித்த இளைஞர் இருவரை அமர்த்தி இப்படிவங்களை நிரப்ப உதவக் கூடாதா? பணம் வரும்வரை வாடகைக்கும் அரிசிக்கும் வழியற்ற ஏழைகளுக்கு ஜகாத் நிதியிலிருந்து கொடுக்கக் கூடாதா? பசித்த வீட்டுக்குப் பொறுமையைப் போதிப்பது எளிது. அவ்வீட்டுக்குரிய உரிமையைப் பெற்றுத் தருவதே நம்மீதுள்ள கடமை.

அல்லாஹ் நம் கரங்களை உழைப்பிலும் ஈகையிலும் உறுதிப்படுத்துவானாக! ஆமீன்.