கோட்டுக்கு வெளியே ஓர் ஆள்

கால்பந்தில் இங்கிலாந்துக்கு 6 ஆட்டங்கள் ஆடி, பிறகு ஆஸ்டன் வில்லாவின் மேலாளராக இருந்த ஜான் கிரிகரி, 63 வயதில் சென்னையின் எஃப்.சி.க்கு வந்தார். முதல் சீசனிலேயே, 2018 மார்ச்சில், பெங்களூருவை அதன் மண்ணிலேயே 3-2 என்று சாய்த்துக் கோப்பை. உதவிப் பயிற்சியாளர் இந்தியன் வங்கிக்கு ஆடிய நம்மூர் சபீர் பாஷா. அந்த சீசனில் நடுக்களத்தில் வியாசர்பாடி தனபால் கணேஷ். வியாசர்பாடியைப் பார்த்த கண் அம்பத்தூர், ஆவடி பக்கமும் கொஞ்சம் திரும்பலாமே! போன ஞாயிறு ஆவடியில், இரண்டு செருப்புதான் கோல்போஸ்ட், ஒரு பொடியன் வெறும் இடது காலால் பந்தை வளைத்து உள்ளே அனுப்பினான். பார்த்தது நானும் டீக்கடைக்காரரும். கிரிகரிகள் வரட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? கூடவே நோட்டும் பேனாவுமாக ஆவடி லோக்கலில் வந்து இறங்க திறமை தேடும் ஒரு ஸ்கவுட்டையும் சம்பளத்துக்கு வையுங்கள்.