‘பீப்’ அடித்தால் ஒயர் நல்லதா?

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் பக்கம் தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. இப்படியான மழைக்குப் பிறகு தரைத்தள வீடுகளில் வழக்கமாகக் கேட்கும் வார்த்தை: “மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்தாச்சு சார், பீப் அடிக்குது, ஒயர்ல ஒண்ணும் இல்ல.” உடனே மெயினைப் போட்டுவிடுகிறார்கள். ஆபத்தான நம்பிக்கை இது.

பீப் அடித்தால் கம்பி முழுசாக இருக்கிறது என்கிறார்கள். ஏதோ ஒரு வழியில் தொடர்பு இருக்கிறது என்பதற்கு மேல் அந்தச் சத்தம் எதுவும் சொல்வதில்லை. 1500 வாட் வாட்டர் ஹீட்டர் ராடின் ஒயரை எடுத்துக்கொள்ளுங்கள். பிளக்கின் கழுத்தில் மடங்கி மடங்கி, 22 இழைகளில் 21 அறுந்து ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கிறது. 0.3 மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்த இழை, அறுந்த ஒரு சென்டிமீட்டர் இடத்தில் கூட்டும் மின்தடை ஓமில் ஆயிரத்தில் இரண்டோ மூன்றோ பங்குதான். மீட்டரின் சொந்த ஒயர்களிலேயே அதைவிடப் பல மடங்கு தடை உண்டு. ஆகவே பீப் தாராளமாக அடிக்கும். ராடைப் போட்டதும் 6.5 ஆம்பியர் மொத்தமும் அந்த ஒற்றை இழை வழியாகப் பாயும்.

தளர்ந்த ஜாயிண்டும் அப்படித்தான். அதில் 1 ஓம் தடை இருந்தாலும் பீப் அடிக்கும். அதே 1500 வாட் ராடு ஓடும்போது அந்த இடத்தில் சுமார் 40 வாட் வெப்பம் எழும். சுவருக்குள் ஒரு சால்டரிங் அயர்னைச் செருகி விட்டதற்குச் சமம்.

பீப் அடிக்காவிட்டால் அறுப்பு உறுதி. அந்த அளவுக்கு மல்டிமீட்டரை நம்பலாம். ஒயரை பிளக் கழுத்தில் வளைத்து, இழுத்துப் பார்க்கும்போது சத்தம் விட்டுவிட்டு வந்தாலும் அந்த ஒயரை வெட்டி எறியலாம். இன்னொரு வழியும் உண்டு, ஆனால் அது கைதேர்ந்த எலக்ட்ரீஷியன் செய்யவேண்டியது: ராடை ஓடவிட்டு, கடைசி பாயிண்டில் வோல்டேஜ் அளப்பது. 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் 30 மீட்டர் போனால் ஐந்தாறு வோல்ட் இறங்குவது இயல்பு. இருபது இறங்கினால் நடுவில் ஏதோ ஜாயிண்ட் கெட்டிருக்கிறது.

அடுத்த வாதம்: “பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல மீட்டர் எதுவும் காட்டல, லீக்கேஜ் இல்ல.” ஓம் அளக்கும்போது சாதாரண மல்டிமீட்டர் அனுப்புவது சில வோல்ட்தான். ஒயரின் காப்புறையோ 230 வோல்ட்டைத் தாங்க வேண்டும். அந்த ஏ.சி. மின்சாரத்தின் உச்சம் 325. சில வோல்ட்டுக்கு அசையாத ஈர வெடிப்பு, 325-க்கு வழிவிடலாம். இதற்குத்தான் மெக்கர், அதாவது காப்புறையின் தடையை உயர் வோல்ட்டில் அளக்கும் கருவி. வீட்டு ஒயரிங்கில் 500 வோல்ட் டி.சி. கொடுத்து அளக்கும்போது குறைந்தது 1 மெகாஓம் இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி.

“ரெண்டு நாள் வெயில் அடிச்சா காஞ்சிடும்” என்பார்கள். தண்ணீர் காயும், அது விட்டுப்போன உப்பும் சேறும் காயாமல் அங்கேயே இருக்கும். வைத்திக்குப்பம், வீராம்பட்டினம் போன்ற கடலோரத்தில் வெள்ளமே வேண்டாம், காற்றே உப்பைக் கொண்டுவரும். உப்பு ராத்திரி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் சில வீடுகளில், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. விடியற்காலையில் ட்ரிப் ஆகிறது; மதியம் எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. அந்த ட்ரிப்பைத் தொல்லை என்று நினைத்து ஆர்.சி.சி.பி.யையே கழற்றிவிடுவது உயிரோடு விளையாடுவது.

மெக்கர் ஃபேக்டரிக்குத்தான் என்பதும் சரியில்லை. கையடக்க டிஜிட்டல் மெக்கர் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. மோட்டார் ரீவைண்டிங் செய்பவர்களிடம் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும்; கேட்டு வரவழைக்கலாம். மெயினை அணைத்து, நியூட்ரலையும் பிரித்து, எல்.இ.டி. பல்பு, டி.வி., ஃபேன் ரெகுலேட்டர் எல்லாவற்றையும் கழற்றிய பிறகே மெக்கரைப் போட வேண்டும்; இல்லையென்றால் 500 வோல்ட்டில் அவை போய்விடும். வந்த அளவைத் தேதியோடு மெயின் போர்டு கதவின் உள்பக்கம் எழுதி வையுங்கள். அடுத்த ஐப்பசி மழைக்குப் பிறகு 50 மெகாஓம் 5 ஆகியிருந்தால், 1-க்கு மேல்தானே என்று விடாமல், அந்த ஒயர் போகும் சுவரில் எங்கே கசிகிறது என்று தேட வேண்டும்.