இரண்டு உடுப்பு போட்ட மனிதர்கள்



பொள்ளாச்சிப் பக்கம் போனாலும் சரி, அன்னூர்ப் பக்கம் போனாலும் சரி, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளில் இப்படி ஒரு வரி அவ்வப்போது கண்ணில் படும்: 'முன்னாள் ராணுவ வீரர், ஓய்வுபெற்ற தபால்காரர்.' மேலே படம், கீழே உறவினர் பட்டியல். ஒரு ஆயுசின் உழைப்பு அந்த ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. இந்த மாதப் பக்கத்தை அந்த வரிக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

2022-க்கு முன் சிப்பாயாகச் சேர்ந்தவர் முப்பதுகளின் கடைசியிலோ நாற்பதின் தொடக்கத்திலோ பென்ஷனோடு ஊர் திரும்பிவிடுவார். பிள்ளைகள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும். சும்மா இருக்க முடியுமா? மத்திய அரசின் 'சி' பிரிவு வேலைகளில் முன்னாள் படைவீரர்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடு. பழைய 'டி' பிரிவில் 20 சதவீதம். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் பயிற்சி முடித்து எல்லைக்குப் போனவர், பிறகு காக்கி உடுப்பும் சைக்கிளுமாகத் தபாலாபீசுக்கு வந்தது அந்த வழியாகத்தான்.

எதிர்த்திசையிலும், தபாலாபீசிலிருந்து பட்டாளத்துக்கு, ஒரு வழி உண்டு. நம் ராணுவத்தின் கள அஞ்சலகங்கள் 1856-இல் பாரசீகத்துக்குப் போன படையோடு தொடங்கின. 1972 மார்ச் 1 முதல் ராணுவ அஞ்சல் சேவை தனிப்பிரிவாக இயங்குகிறது. அதில் பெரும்பாலோர் அஞ்சல் துறையிலிருந்து டெபுடேஷனில் போகிறவர்கள். சிப்பாய்க்கு எழுதும் முகவரியில் ஊர்ப்பெயரே இருக்காது. நம்பர், ரேங்க், பெயர், யூனிட், '56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.' அவ்வளவுதான். மகன் லடாக்கில் இருக்கிறானா, ராஜஸ்தானில் இருக்கிறானா என்று பெற்றவளுக்குத் தெரியாது. கடிதம் மட்டும் போய்ச் சேர்ந்துவிடும்.

நான் அறிந்த ஒருவர் இந்த இரண்டு உடுப்பும் போட்டவர். குடும்பத்தார் விரும்பாததால் பெயரை எழுதவில்லை. பல்லடம் பக்கத்து ஊர்களில் தபால் கொடுத்தவர். கொங்கு நாட்டில் வீடுகள் தெருவில் மட்டுமா இருக்கின்றன? பாதி வீடுகள் தோட்டத்துச் சாளைகள். 'மேக்காலத் தோட்டம்' என்று மட்டும் முகவரி எழுதியிருந்தால், அது யாருடைய தோட்டம், எந்த இட்டேரி வழியாகப் போகவேண்டும், எந்த நாய் கடிக்கும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

படலுக்கு வெளியே நின்று மணியடிப்பார். "ஏனுங் ஆத்தா, பையன் கடுதாசி போட்டிருக்கானுங்" என்பார். படிக்கத் தெரியாதவர்களுக்குத் திண்ணையில் உட்கார்ந்து படித்துக் காட்டுவார். கேட்டால் பதிலும் எழுதித் தருவார். மணியார்டர் வந்தால் ரூபாயைக் கையில் எண்ணிவைப்பார். ஆத்தா கைநாட்டு வைத்து, பெருவிரல் மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு, மோர் கொண்டுவர உள்ளே போவார். எந்த வீட்டுக் கடிதத்தில் என்ன இருந்தது என்று அடுத்த வீட்டில் ஒரு வார்த்தை பேசமாட்டார். "கடுதாசி படிச்சவன் வாயைக் கட்டோணும்" என்பது அவர் கட்சி. பட்டாளத்தில் மாதக்கணக்கில் ஒரு இன்லேண்ட் லெட்டருக்காகக் காத்துக் கிடந்தவர் அவர். வாசலில் காத்திருப்பவரின் மனசு அவருக்குப் பழக்கமானதுதான்.

தபால்காரரின் உழைப்பை நாடே திரும்பிப் பார்த்த சம்பவம் நம் பக்கத்து மலையிலேயே நடந்தது. குன்னூர்ப் பகுதியில் அடர்ந்த காட்டு வழியாக நாள்தோறும் 15 கிலோமீட்டர் நடந்து தபால் கொடுத்த டி. சிவன் 2020-இல் ஓய்வுபெற்றார். ஐ.ஏ.எஸ். அதிகாரி சுப்ரியா சாஹு அவரைப் பற்றிச் சமூக வலைத்தளத்தில் எழுதிய பிறகுதான், யானையும் கரடியும் காட்டெருமையும் துரத்திய அந்த நடை வெளியுலகுக்குத் தெரிந்தது. ஓய்வுக்குப் பிறகு கிடைத்த பாராட்டு அது. பலருக்கு அதுவும் வாய்ப்பதில்லை.

காலம் மாறிவிட்டது. 2013 ஜூலையில் தந்தி நின்றது. 2025-இல் பதிவுத்தபால் ஸ்பீடு போஸ்டோடு இணைக்கப்பட்டது. ஆனால் தபால்காரர் வாசலுக்கு வருவது நின்றுவிடவில்லை. பென்ஷன் வாங்கும் முதியவர்களின் வீட்டுக்கே கைரேகைக் கருவியோடு வந்து 'உயிர்வாழ் சான்று' எடுத்துத் தருகிறார். அப்படி விரலை நீட்டுகிறவர்களில் பழைய ராணுவ வீரர்களும் உண்டு, பழைய தபால்காரர்களும் உண்டு.

அவர்கள் நல்லபடியாக இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. உங்கள் ஊரில் இப்படி ஒருவர் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். எந்த ரெஜிமென்ட், எந்த வருஷம் சேர்ந்தார், முதல் நாள் எத்தனை ஊருக்குத் தபால் கொடுத்தார் என்று கேளுங்கள். அவர் மறைந்திருந்தால் வீட்டாரிடம் பேசுங்கள். கேட்டதை எங்களுக்கு எழுதுங்கள். வரும் இதழ்களில் வெளியிடுகிறோம். மின்னஞ்சலும் சரிதான். ஆனால் இந்த ஒரு விஷயத்துக்காவது தபால்தலை ஒட்டி அனுப்புங்களேன்!

அன்புடன்,
ஆசிரியர்