மீன் பிடிக்கும் படகில் உல்லாச சவாரியா? ஏறும் முன் நம்பரைப் பாருங்கள்!

லீவு விட்டால் பிள்ளைகள் கேட்பது படகு சவாரி. கரையில் பேரம் நடக்கும். "தலைக்கு எவ்வளவு?" என்று கேட்பார்கள். "இது எத்தனை பேர் தாங்கும்?" என்ற கேள்வி மட்டும் விபத்துக்குப் பிறகுதான் வருகிறது.

22 பேர் பலி

2011-ம் ஆண்டு டிசம்பர் 25-ந்தேதி, கிறிஸ்துமஸ் விடுமுறை. சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் ஜலசமாதி ஆனார்கள். அது மீன்பிடிப் படகு. லைப் ஜாக்கெட் கிடையாது.

2023-ம் ஆண்டு மே 7-ந்தேதி கேரளாவில் தானூர் அருகே இன்னொரு படகு கவிழ்ந்தது. அங்கும் 22 பேர் பலி. மீன்பிடிப் படகுக்கு மாடி கட்டி, சுற்றுலாப் படகு ஆக்கியிருந்தார்கள். அளவுக்கு மீறி ஆளையும் ஏற்றினார்கள்.

நடுவில் 11 ஆண்டுகள் ஓடிவிட்டன. கதை மாறவில்லை!

லாரியில் டிக்கெட் போடலாமா?

"எங்க படகுக்கும் ரிஜிஸ்தர் நம்பர் இருக்கு சார்" என்று சொல்லும் படகுக்காரர் உண்டு. உண்மைதான். தமிழ்நாட்டில் 1983-ம் ஆண்டு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி மீன்வளத்துறை அந்த நம்பரைக் கொடுக்கிறது. ஆனால் அது மீன் பிடிப்பதற்கு. லாரிக்கும்தான் நம்பர் உண்டு. அதற்காக டிக்கெட் போட்டு ஆள் ஏற்ற முடியுமா?

காரணம் இருக்கிறது. வலையும் ஐசும் மீனும் படகின் அடியில் கிடக்கும். மனிதர்கள் அப்படி இல்லை. எழுந்து நிற்பார்கள். போட்டோ எடுக்க ஒரே பக்கம் ஓடுவார்கள். மாடியும் கட்டிவிட்டால் பாரம் மேலே ஏறிவிடும். ஒரு பக்கம் சாய்ந்த படகு பிறகு நிமிராது.

சர்க்கார் படகு என்றாலும் இதே கதிதான். 2009-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந்தேதி தேக்கடி ஏரியில் கவிழ்ந்தது கேரள அரசு சுற்றுலாக் கழகத்தின் மாடிப் படகு. மாண்டவர்கள் 45 பேர்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆறு, ஏரி, காயலில் ஓடும் எஞ்சின் படகுகளுக்கு 1917-ம் ஆண்டு சட்டம் இருந்தது. அதை எடுத்துவிட்டு 2021-ல் புதிய உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம் கொண்டு வந்தார்கள். அதன்படி படகுக்குப் பதிவு வேண்டும். சோதனை செய்து கொடுத்த சர்வே சான்று வேண்டும். இன்சூரன்ஸ் வேண்டும். ஓட்டுபவருக்குத் தகுதிச் சான்று வேண்டும். பதிவு நம்பர் வெளியே பளிச்சென்று தெரிய வேண்டும்.

ஜாக்கெட் பெட்டிக்குள்ளா?

"வியர்க்குது, நாத்தம் அடிக்குது" என்று லைப் ஜாக்கெட்டைக் கழற்றி வைப்பவர்கள் பலர். படகு கவிழ்வது கண் மூடித் திறக்கும் நேரம். தண்ணீருக்குள் விழுந்த பிறகு அதைத் தேடி மாட்ட முடியாது. கரையிலேயே போட்டு, பட்டியை இறுக்க வேண்டும். பெரியவர் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டினால் தலை வழியே கழன்றுவிடும். குழந்தைக்குக் குழந்தை அளவுதான்.

2024-ம் ஆண்டு ஜனவரி 18-ந்தேதி குஜராத்தில் வதோதரா ஹர்னி ஏரிக்குச் சுற்றுலா போன பள்ளிப் பிள்ளைகள் 12 பேரும், ஆசிரியைகள் 2 பேரும் மூழ்கி இறந்தார்கள். படகில் ஏற்றிய பிள்ளைகள் பலருக்கு லைப் ஜாக்கெட் இல்லை.

பிழைப்பும் போகிறது

விபத்து நடந்தால் கொஞ்ச நாள் கெடுபிடி. துறைக்குத் துறை கை காட்டும். பண்டிகைக் கூட்டம் வந்ததும் எல்லாம் மறந்துபோகும். பழவேற்காட்டில் 2011-க்குப் பிறகு உல்லாச சவாரிக்கே தடை வந்தது. பேராசைக்காரர் செய்த தப்புக்கு, ஒழுங்காகத் துடுப்புப் போட்டவர் வயிற்றிலும் அடி விழுந்தது. ஆகவே நம்பரும் சர்வேயும் படகுக்காரருக்கும் காப்புத்தான்.

அதிகாரி எல்லாக் கரையிலும் நிற்க மாட்டார். காசு கொடுப்பவர் கேட்கலாம்: நம்பர் எங்கே? எத்தனை பேருக்கு அனுமதி? ஆளுக்கு ஒரு ஜாக்கெட் இருக்கிறதா? ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் இறங்கிவிடலாம்.

பஸ்சில் படிக்கட்டு வரை கூட்டம் என்றால் அடுத்த பஸ்சுக்கு நிற்கிறோம். படகுக்கும் அந்தப் பொறுமை போதும்.