எழுவாய் யார்?

இயன்முறை மருத்துவம் அரசியலுக்கு அப்பாற்பட்டது என்று கருதும் நண்பர்களுக்கு ஒரு மறுப்பு.

சிகிச்சைப் பதிவேடுகளின் தொடரமைப்பைக் கவனியுங்கள். 'தசை நீட்டப்பட்டது', 'நடை சீராக்கப்பட்டது' எனச் செயப்பாட்டு வினைகளே நிரம்பியிருக்கும். அங்கே எழுவாயாக நிற்பவை தசையும் நடையும், மனிதர் இல்லை. மனிதர் எழுவாயாகும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: 'நோயாளி ஒத்துழைக்கவில்லை.' முன்னேற்றம் சிகிச்சையின் சாதனை. தோல்வி மட்டும் நோயாளியின் உடைமை.

மூளை முடக்குவாதத்தோடு வாழும் எனக்கு இருபதாண்டுக்கும் மேலான பிசியோதெரபி அனுபவம் உண்டு. அதன் பயனை நான் மறுக்கவில்லை. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குப் பிறர் துணையின்றி மாறக் கற்பித்தது அதுவே. என் கேள்வி இலக்கைப் பற்றியது. அது ஏன் எப்போதும் 'இயல்பான நடை'யாகவே இருந்தது? பத்தடி நடந்து களைத்துப்போவதைவிடச் சக்கர நாற்காலியில் நூலகம் சென்று நான்கு மணி நேரம் வாசிப்பது எனக்கு மேலானது. அப்படிச் சொன்னபோதெல்லாம் அது என் தெரிவாக ஏற்கப்படவில்லை. மனத்தளர்ச்சி என்றே குறிக்கப்பட்டது.

உலகச் சுகாதார நிறுவனம் 2001இல் ஏற்ற வகைப்பாடு, உடற்செயற்பாட்டோடு சமூகப் பங்கேற்பையும் சூழலையும் சேர்த்தே மதிப்பிடுகிறது. நீண்டகாலக் குறைபாடு தடைகளோடு சேரும்போதே முழுப் பங்கேற்பு தடைபடுகிறது என்பதுதான் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பார்வையும். அதன் விதிகள் 2017இல் அறிவிக்கப்பட்டன. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை அணுகத்தக்கவையாக மாற்றச் சட்டம் அளித்த ஐந்தாண்டுக் கெடு 2022இலேயே முடிந்துவிட்டது. உங்கள் துறைக் கட்டடத்தில் சாய்தளம் இருக்கிறதா? கருத்தரங்கு நடக்கும் மாடிக்கு மின்தூக்கி இல்லாதபோது, 'கட்டடம் ஒத்துழைக்கவில்லை' என்று எவரும் பதிவேட்டில் எழுதுவதில்லை.

'வல்லுநருக்குத் தெரியாதா?' எனக் கேட்பார்கள். தசையின் இயக்கம் அவருக்குத் தெரியும். இந்த உடலோடு ஒரு நாளைக் கடத்தும் முறை எனக்குத் தெரியும். இரண்டும் அறிவே, ஒன்றுக்கு மட்டுமே பாடத்திட்டத்தில் உரிய இடம் இருக்கிறது.

ஆகவே கோரிக்கைகள் மூன்று. சிகிச்சையின் இலக்கை உடலுக்குரியவரோடு சேர்ந்து வகுத்து, அவர் சொற்களிலேயே பதிவு செய்யுங்கள். இயன்முறை மருத்துவக் கல்வியில் மாற்றுத்திறனாளிகளை ஊதியம் பெறும் ஆசிரியர்களாக அமர்த்துங்கள். ஆண்டுக்கொருமுறை மேடையேற்றிக் கைதட்டுவது போதாது. பல்கலைக்கழகங்கள் தம் கட்டடங்களுள் எவை அணுகத்தக்கவை, எவை அல்ல என்பதைப் பொதுவில் வெளியிடட்டும்.

முதற்கோரிக்கைக்கு நிதியும் வேண்டாம், அரசாணையும் வேண்டாம். இதைப் படிக்கும் இயன்முறை மருத்துவ மாணவர்கள் நாளை எழுதப்போகும் பதிவிலேயே அதைத் தொடங்கலாம்.